விரல் கூறும் தாளம்

சங்கக் கிடங்கில் ஒரே நூற்சிப்பத்தை மூவர் நிறுத்து மூன்று எடை கூறினால், தணிக்கைக்குச் செல்லும் நாம் சிப்பத்தின்மீது ஐயங்கொள்வதில்லை, தராசையே சோதிக்கிறோம். இந்நியாயம் வைத்தியத்துக்கும் பொருந்தும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் தோன்றிய ஒரு சிகிச்சை முறையின் வரலாறு சான்றாகும்.

எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்து நோய் தணிக்கலாம் என்னும் ‘ஆஸ்டியோபதி’ முறையை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார் 1874-ல் வெளியிட்டார். 1892-ல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் அதற்கொரு கல்விச்சாலையும் நிறுவினார். அங்குப் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லண்டு, மண்டையோட்டின் பொட்டெலும்பு விளிம்பு மீனின் செவுள்போல் சரிந்திருக்கக் கண்டார். செவுளுக்கு அசைவு உண்டாதலின், மண்டை எலும்புக்கும் உண்டென எண்ணினார். தம் தலையிலேயே சோதனைகள் நடத்தி, 1939-ல் நூலும் வெளியிட்டார். 1970-களில் ஜான் அப்லெட்ஜர் இக்கருத்தை விரித்துக் ‘கிரேனியோசேக்ரல்’ சிகிச்சையாக்கினார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் நிமிடத்துக்கு 6 முதல் 12 முறை பெருகித் தணிகிறது, தலைமீது மெல்ல வைத்த விரல்கள் அதனை உணரும் என்பது அவர் கொள்கை.

அந்நீர் உண்டென்பது மெய்யே. வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் உள்ளது. இதயத் துடிப்பாலும் சுவாசத்தாலும் அது அசைகிறது. உறக்கத்தில் சுமார் 20 விநாடிக்கு ஒருமுறை அலையாகப் பாய்வதை பாஸ்டன் ஆராய்ச்சியாளர் 2019-ல் எம்.ஆர்.ஐ. கருவியால் கண்டனர். ஆயின், கருவி கண்ட அசைவும் விரல் உணர்வதாகக் கூறும் தாளமும் ஒன்றெனக் கொள்ளலாமா? 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையாளர் மூவர் அதே 12 பேரைத் தனித்தனியே தொட்டுக் கணக்கிட்டனர். மூவர் கணக்கும் ஒத்துவரவில்லை. 1999-ல் கனடாவில் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்களும் இச்சிகிச்சைக்குப் போதிய ஆதாரமில்லை என்றே முடித்தனர்.

மென்மையான தொடுகையும், அமைதியாகப் படுத்திருத்தலும் இளைப்பாறல் தருவதை நாம் மறுக்கவில்லை. இளைப்பாறல் வேறு, நோய் தீர்தல் வேறு. தறிக்குழியில் அமர்ந்து உழைப்போரும், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவோரும் முதுகுவலியை நன்கு அறிவர். வலியோடு கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுக்கடங்காமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று சேரினும், தாமதியாது மருத்துவமனையை நாடுதல் வேண்டும். மற்றபடி எந்தச் சிகிச்சைக்கும் பணம் செலுத்துமுன், ‘வேறொருவர் சோதித்தாலும் இதே கணக்கு வருமா?’ என்று அங்கத்தினர்கள் தயங்காது வினவுவார்களாக.