மேற்படிப்புக்கு முன் ஓராண்டு ஆப்பிரிக்காவில்: பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பட்டப்படிப்பு முடிந்தது. முதுகலைக்குப் போகும் முன் ஓராண்டு ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளுக்குப் போய், கொஞ்சம் தொண்டு செய்துவிட்டு, நாலு ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளை சொன்னால், வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "அங்கே போய் நீ என்ன செய்வாய்?" என்பது ஒன்று. "அப்புறம் படிப்பு என்னாவது?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் தெளிவான பதில் கையில் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எந்த நாடுகள்?

தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய நாடுகளில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் போர்த்துகீசிய மொழி வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் நமக்குத் தலைகீழ். அங்கே பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஜூன், ஜூலையில் குளிர். ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில் அந்த மாதங்களில் உறைபனியே விழும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

அங்கே போய் என்ன செய்வது?

நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது. கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளிடம் அப்படி மூன்று வேலைகளாவது இருக்கின்றன.

முதலாவது மக்காச்சோளம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைக்கிறோம். விளைந்த மூட்டையில் பெரும்பங்கு நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆப்பிரிக்காவின் தெற்கில் அதுதான் சாப்பாடு. ஜாம்பியாவில் ந்ஷிமா, மலாவியில் ந்சிமா, ஜிம்பாப்வேயில் சட்சா, தென்னாப்பிரிக்காவில் பாப்: பெயர் எதுவானாலும் வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் களிதான். ஆகவே இங்கே விளைச்சல் போனால் கடன் ஏறும். அங்கே உலை நிற்கும். எல் நினோ வறட்சியில் பயிர் கருகியதால் 2024இல் ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் தேசியப் பேரிடர் அறிவித்தன.

படைப்புழுவும் இரு பக்கத்துக்கும் பொது எதிரி. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான அது 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டு, சில மாதங்களில் தெற்கு நாடுகளை எட்டியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது. அந்தப் பருவத்திலேயே நம் வயல்களின் குருத்தையும் தின்றது. தலையில் கவிழ்ந்த ஒய் போன்ற கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி என்று புழுவை அடையாளம் காண்பது, கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு போடுவது, வரப்பில் தட்டைப்பயறோ எள்ளோ விதைப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது இவையெல்லாம் இங்குள்ள விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பழகியவை. அங்குள்ள சிறு விவசாயிகள் குருத்தில் சாம்பலும் மணலும் போடுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் வளர்ந்த இன்னொரு முறையில், ஊடுபயிரின் வாடை பூச்சியை விரட்டும். வயலைச் சுற்றி நட்ட புல் அதைத் தன்பக்கம் இழுக்கும். சொல்லிக்கொடுக்க இருக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. இந்த வேலைக்கு நவம்பரில் போய்ச் சேர்ந்தால் விதைப்பைப் பார்க்கலாம். ஏப்ரல், மே வரை இருந்தால் அறுவடையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இரண்டாவது, தமிழும் ஊர்ப்பெயரும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அப்போது பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டாரங்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் நிலைத்தது.

கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்குத் தமிழ் ஊர்கள் பழக்கமில்லை. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கூட்டியதால் பல ஊர்ப்பெயர்கள் உருத்தெரியாமல் கிடக்கின்றன. பூட்டன் பிறந்த ஊரைத் தேடும் டர்பன் குடும்பத்துக்கு, குன்னமும் குரும்பலூரும் செந்துறையும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த ஒருவரின் உதவி பெரிது. குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் இந்த வரலாற்றுக்கான முக்கியச் சேகரம். டர்பனில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகின்றன. காவடியும் மாரியம்மன் திருவிழாவும் நின்றுபோகவில்லை, மொழிதான் நழுவிவிட்டது. கோயில்களையும் தமிழ்ச் சங்கங்களையும் ஒட்டி நடக்கும் வகுப்புகளில் பேச்சுத்தமிழ் சொல்லித்தர ஓர் இளைஞர் கிடைத்தால் பயனுண்டு.

மூன்றாவது, புதைபடிவம். நிலவியல் படித்தவர்களுக்கு இது பொருந்தும். சாத்தனூர்க் கல்மரம், காரை மேட்டு நிலம், அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரிகள் என்று கிரிடேசியஸ் காலத்துக் கடலின் மிச்சத்தில் நடந்து பழகியவர்கள் நாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் மரத்தை எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளியுலகுக்குச் சொன்னார். ஒரு காலத்தில் ஒரே கண்டமாக இருந்த நிலம் உடைந்து இந்தியாவும் ஆப்பிரிக்காவும் விலகியதால், தென்னாப்பிரிக்காவின் சூலூலாந்துக் கரையோரப் பாறைகளிலும் நமக்குத் தெரிந்த அம்மோனைட்டுகளின் உறவுகள் கிடைக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் புதைபடிவ ஆய்வு பெரிதாக நடக்கிறது. வாய்ப்புண்டா என்று எழுதிக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்நாட்டின் 1999ஆம் ஆண்டு மரபுவளச் சட்டப்படி புதைபடிவம் அரசின் சொத்து. அனுமதியில்லாமல் ஒரு சிப்பியைக்கூடப் பையில் போடக் கூடாது.

எதற்குப் போகக் கூடாது?

பணம் வாங்கிக்கொண்டு அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாட அனுப்பும் திட்டங்களைத் தவிருங்கள். ஆள் மாறி ஆள் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது குழந்தைகளைக் காயப்படுத்தும். வெளிநாட்டார் தரும் காசுக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் இல்லத்தில் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் அம்பலமானது. இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது.

சிங்கக்குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுக்கும் 'வனவிலங்குத் தொண்டு' இன்னொரு பொறி. அப்படி வளர்க்கப்படும் குட்டிகள் பெரிதானதும் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கு விற்கப்படுவதை 2015இல் வந்த 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் காட்டியது. விலங்கைத் தொட விடும் இடம் என்றால் சந்தேகப்படுங்கள்.

யார் மூலம் போவது?

ஐ.நா. தன்னார்வலர் அமைப்புக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தேர்வானால் அவர்களே வாழ்க்கைச் செலவுக்குத் தொகை தருவார்கள். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு உண்டு. போட்டி கடுமை. டர்பனில் ராமகிருஷ்ண மையம் நெடுங்காலமாக மருத்துவ, கல்விப் பணிகள் செய்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992இல் இந்திய வம்சாவளி மருத்துவர் இம்தியாஸ் சுலிமான் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ், ஆப்பிரிக்காவின் பெரிய பேரிடர் உதவி அமைப்புகளில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து போன பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் அந்நாடுகளில் பள்ளி, மருத்துவமனை நடத்துகிறார்கள்; உங்கள் பங்கு ஆலயத்தில் விசாரித்தால் தொடர்பு கிடைக்கலாம். இவற்றில் எதற்கும் நேரே எழுதிக் கேட்கலாம். இடையில் ஏஜென்ட் தேவையில்லை.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்திருந்தால், இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி முடித்த சான்றிதழைத் திட்ட அலுவலரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு அதுவே முதல் சாட்சி.

விசாவும் தாள்களும்

பாஸ்போர்ட்டுக்கு நமக்குத் திருச்சி மண்டல அலுவலகம். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடியகல்வுச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். மேலே சொன்ன நாடுகள் எதுவும் அந்தச் சோதனைப் பட்டியலிலும் இல்லை.

சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்வது பெரும்பாலான இடங்களில் விதிமீறல். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 90 நாளுக்கு மேல் தொண்டு செய்ய, வருகையாளர் விசாவிலேயே தனிப் பிரிவு உண்டு. அதற்கு அழைக்கும் அமைப்பின் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று ஆகியவை கேட்பார்கள். நற்சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவை வழியாகவே விண்ணப்பிக்கலாம். மற்ற நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தூதரகத் தளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். டர்பனில் நமக்குத் துணைத்தூதரகமே இருக்கிறது.

உடம்பு

மலாவி, மொசாம்பிக், ஜாம்பியா ஆகியவற்றில் மலேரியா அன்றாடப் பிரச்சினை. தென்னாப்பிரிக்காவில் அது வடகிழக்கு ஓரத்தில் மட்டும், லெசோத்தோவில் இல்லை. தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலாவி ஏரியில் குளித்தால் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய் தொற்றலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பலரும் மறக்கும் விஷயம். அங்கோலா போவதானால் கட்டாயம். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும். சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஊர் பார்ப்பது

பணி முடிந்த கடைசி மூன்று, நான்கு வாரங்களைச் சுற்றுவதற்கு ஒதுக்குங்கள். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம், 1904இல் அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு, மண்டேலா 18 ஆண்டு அடைபட்டிருந்த ராபன் தீவு, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கிட்டுக்கொள்ளும் விக்டோரியா அருவி ஆகியவை தவறவிடக் கூடாதவை. நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி நாணயங்கள் தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமதிப்பு உள்ளவை. அங்கெல்லாம் ராண்டே செல்லும். இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் பயணம் வேண்டாம். பெண்பிள்ளைகள் இருவராகப் போவதும், அமைப்பு ஏற்பாடு செய்த குடும்பத்தோடு தங்குவதும் நல்லது.

படிப்பு என்னாவது?

கிளம்பும் முன்பே கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று எல்லாவற்றையும் வாங்கி வீட்டில் வையுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதானால், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க வேண்டும். ஓராண்டு இடைவெளிக்குக் காரணம் கேட்டால் நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தோடு, தொண்டு செய்த அமைப்பின் கடிதமும் வலு சேர்க்கும்.

நுழைவுத் தேர்வுகளில்தான் கணக்குத் தப்பும். கேட் (GATE) தேர்வு மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். இறுதியாண்டிலேயே எழுதிவிட்டால் நிம்மதியாகப் போகலாம். ஜாம் (JAM) தேர்வு மதிப்பெண் அந்த ஓராண்டுக்கு மட்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுகலை க்யூட் (CUET) தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. அதை எழுத வேண்டியிருந்தால், அறுவடை வரை காத்திராமல் பிப்ரவரியிலேயே திரும்பும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கல்விக்கடன் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். வழக்கமான திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் தவணைக்கு விலக்கு. வட்டி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓராண்டைத்தான் நீங்கள் ஆப்பிரிக்காவில் செலவிடப் போகிறீர்கள். திரும்பி வந்ததும் முதல் தவணை வாசலில் நிற்கும். முதுகலையில் சேர்ந்தால் விலக்கு நீளுமா என்று வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நுழைவுத் தேர்வும் சான்றிதழ்களும், அடுத்து அமைப்பின் அழைப்புக் கடிதம், பிறகு விசா, அதன்பின் தடுப்பூசி, கடைசியாக விமான டிக்கெட். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர்கள்தான் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.