நாரி நோவு எல்லாம் வயதுக் கோளாறல்ல

"வயசு போனால் நாரி நோகத்தானே செய்யும்." வீடுகளுக்குச் செல்லும்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. எண்ணெய் பூசி, ஒத்தடம் பிடித்து, பனடோலும் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலான நாரி நோவுக்கு அது போதும். ஆனால், அறுபதைத் தாண்டிய ஆணுக்குப் புதிதாக வந்த நோவு, படுத்தாலும் தணியாமல் இரவில் கூடுமானால், அது புரஸ்டேட் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

புரஸ்டேட் என்பது ஆண்களின் சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சூழ்ந்துள்ள சிறிய சுரப்பி. அதில் கோளாறு என்றால் சலம் போவதில் சிரமம் இருக்கும் என்றே நினைக்கிறோம். முதியவர்களின் அந்தச் சிரமத்துக்குப் பெரும்பாலும் புற்றுநோயல்லாத வீக்கமே காரணம். புற்றுநோயோ அநேகமாகச் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால், ஆரம்பத்தில் சலக்குழாயை நெரிப்பதில்லை. முள்ளந்தண்டு, இடுப்பு, விலா எலும்புகளுக்குப் பரவிய பின்னர், சிலருக்கு நோவே முதல் அறிகுறியாகிறது.

வேறு விதமாகவும் இந்நோய் வெளிப்படலாம். எலும்பு மச்சை பாதிக்கப்பட்டால் இரத்தசோகையும் களைப்பும் வரும். இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்கள் வீங்கினால் கால் வீங்கும். அரிதாக, இடது காறை எலும்புக்கு மேல் கட்டி தோன்றும். சிறு தடுமாற்றத்திலேயே எலும்பு முறிவதும் உண்டு. இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கண்டறிய வேண்டியவர் வைத்தியரே.

நாரி நோவுடன் கால்கள் பலமிழந்தாலோ, விறைத்தாலோ, சலம் அடைத்தாலோ, மலசலம் அறியாமல் போனாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. முண்ணாண் நெரிபடுவதன் அடையாளம் அது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நடக்கும் நிலையில் சிகிச்சை பெற்றவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். நடை நின்றபின் மீட்பது கடினம்.

பீ.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனை நோயைக் கண்டறிய உதவும். எலும்புக்குப் பரவியிருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. ஆண் ஹோர்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்பதை 1941 இல் வெளிப்படுத்திய சார்ள்ஸ் ஹக்கின்ஸ், 1966 இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வழிச் சிகிச்சை இன்றும் பலருக்கு நோவைத் தணித்து ஆயுளை நீட்டுகிறது.

மகளிடமோ மருமகளிடமோ சலம் பற்றிப் பேச எங்கள் ஐயாமார் கூச்சப்படுவார்கள். "இரவில் நித்திரை வருகுதா ஐயா? நோவு எழுப்புதா?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும். வைத்தியரிடம் போனால், தனியே பேசவும் அவருக்கு இடம் கொடுங்கள்.