கடலில் மிதக்கும் ஆலை

சென்ற விடுமுறையில் கிள்ளான் வீட்டு வாசலில் எரிவாயுத் தோம்பு வந்திறங்கியபோது அம்மா கேட்டார்: "ஏன்டா, டிவியில சபா பக்கம் ஒரு பெரிய கப்பலக் காட்டுனாங்களே, அதுலேருந்துதான் இந்த கேஸ் வருதா?" பொறியியல் படிக்கும் மகன் அல்லவா! சற்றும் யோசிக்காமல் "ஆமாம்மா" என்றேன். தேடிப் படித்தபோதுதான் தவறு புரிந்தது.

தோம்பில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும். சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்திப் பிடித்தால் அவை திரவமாகிவிடும். கடலடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் மீத்தேன். நம் ஊர் வெப்பத்தில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஏறக்குறைய -162 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போது அதன் கொள்ளளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும், கப்பலில் ஏற்றலாம். 1983 முதல் பிந்துலுவிலிருந்து ஜப்பானுக்குப் போவது இதுதான்.

பிந்துலு ஆலை கரையில் உள்ளது. அம்மா பார்த்தது அதே வேலையைக் கடலிலேயே செய்யும் ஆலை. கிணற்று வாயுவிலிருந்து கரியமிலவாயுவையும் நீராவியையும் முதலில் நீக்குவார்கள். இல்லையேல் அவை உறைந்து குழாயை அடைத்துவிடும். பாதரசத்தையும் விடுவதில்லை, அது அலுமினியத்தை அரிக்கும். பிறகு குளிர்வித்து, அடிவயிற்றுத் தொட்டிகளில் சேமித்து, பக்கத்தில் வந்து நிற்கும் கப்பலுக்கு மாற்றுவார்கள்.

பெட்ரோனாசின் முதல் மிதக்கும் ஆலை கொரியாவில் கட்டப்பட்டது. நீளம் 365 மீட்டர், ஆண்டுக்கு 1.2 மில்லியன் டன் திறன். 2016-இல் சரவாக்கின் கனோவிட் வயலில் இயங்கத் தொடங்கியபோது உலகிலேயே அவ்வகையில் அதுவே முதலாவது. இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படமெடுக்காதவர் நம்மில் யார்? இதைக் கேள்விப்பட்டவரோ மிகச் சிலர். 2019-இல் அதை அப்படியே சபாவின் கெபபாங்கான் வயலுக்கு நகர்த்தினார்கள். இரண்டாவது ஆலை 2021-இல் ரோத்தான் வயலில் உற்பத்தியைத் தொடங்கியது. தொலைவிலுள்ள சிறு வயலுக்காகக் கரைவரை குழாய் பதித்தால் செலவு கட்டுப்படியாகாது; வயல் வற்றினால் குழாயும் வீண். ஆலையே நகர்ந்தால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் கரைக்கு என்ன கிடைக்கிறது? சிறு மீனவ ஊராக இருந்த பிந்துலு, ஆலை வந்ததால் துறைமுக நகரமானது. மிதக்கும் ஆலையைச் சுற்றி ஊர் முளைப்பதில்லை. கிரேட்டர் சன்ரைஸ் வயலுக்கு மிதக்கும் ஆலையே போதும் என்று 2010-இல் நிறுவனங்கள் முடிவெடுத்தபோது, தீமோர் லெஸ்தே தன் கரைக்கே குழாய் வரவேண்டும் என்று மறுத்தது. அந்த வயல் இன்னும் உற்பத்தி காணவில்லை. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். அடுத்த ஆலையைப் பெட்ரோனாஸ் நடுக்கடலில் அல்லாமல் சபாவின் சிப்பித்தாங் கரையோரத்தில் நிறுத்தத் திட்டமிட்டுள்ளது.

மறுபுறம், 2025 ஏப்ரல் 1-ஆம் நாள் பூத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி வீடுகள் கருகியதைக் கிள்ளான் பள்ளத்தாக்கினர் மறக்கமாட்டோம். கடலில் ஆலை இருந்தால் அண்டை வீடுகள் இல்லை. ஆனால் ஊழியர்கள் அதன் மேலேயேதான் உறங்குகிறார்கள்.

அம்மாவிடம் திருத்திச் சொன்னேன். "அப்ப நமக்கு அந்த கேஸ் வர்றதே இல்லியா?" என்றார். அங்கிருந்து திரவம் ஏற்றுமதியாகிறது. தீபகற்பமோ 2013 முதல் மலாக்காவின் சுங்கை ஊடாங் வழியாகத் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்கிறது, மின் நிலையங்களுக்கும் அது தேவை என்றேன்.

"வித்துட்டு வாங்குறோமா?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.