தட்டைப் பாதமும் 0.150 புள்ளியும்

புது தில்லி: ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும்போது மருத்துவர்கள் தவறாமல் சோதிக்கும் குறைகளில் ஒன்று தட்டைப் பாதம். உள்ளங்காலில் இயல்பாக இருக்க வேண்டிய வளைவு இல்லாதவர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஓடவும் குதிக்கவும் அந்தப் பாதம் போதிய அளவு ஒத்துழைக்காது என்பதே காரணம். அத்தகைய பாதத்துடன் ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குள் அடியெடுத்து வைத்த அகர்தலா சிறுமி ஒருவர், 2016 ஆகஸ்ட் 14-ம் தேதி ரியோ ஒலிம்பிக் 'வால்ட்' இறுதிச் சுற்றில் 15.066 புள்ளிகளுடன் உலகின் நான்காவது இடத்தைப் பிடித்தார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. இருவருக்கும் இடையே 0.150 புள்ளி.

அந்தச் சிறுமிதான் தீபா கர்மாகர். ரியோவுக்குச் சென்றபோது அவர் அரசியல் அறிவியல் முதுகலை மாணவி. ஊர் திரும்பியதும் பாராட்டு விழாக்களுக்கு இடையே பருவத் தேர்வு எழுதச் சென்றார். அதே மாத இறுதியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் கேல் ரத்னா விருதும் (அப்போது அது ராஜீவ் காந்தி பெயரில் இருந்தது) பெற்றார். தேர்வும் விருதும் ஒரே மாதத்தில் அமைந்த மாணவர்கள் நாட்டில் அதிகம் இருக்க முடியாது.

அவரைப் பற்றித் தலைநகரில் பேசுவோர் தவறிப்போன பதக்கத்தோடு நிறுத்திக் கொள்கின்றனர். அந்த உடல் எப்படி உருவாக்கப்பட்டது, எந்தக் கட்டத்தில் அரசு வந்து சேர்ந்தது என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்கூட்டர் சுருள்வில்

தீபாவின் தந்தை துலால் கர்மாகர் எடை தூக்கும் பயிற்சியாளர். மகளை ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அனுப்பியது அவரே. முதலில் சோமா நந்தியும், பின்னர் அவரது கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியும் பயிற்சி அளித்தனர். பாதத்தைப் பார்த்ததுமே சிக்கல் புரிந்துவிட்டது. உள்ளங்கால் வளைவு உடலின் இயற்கையான சுருள்வில். உந்தி எழும்போதும் தரையிறங்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுவே. வளைவு இல்லையெனில் கணுக்கால் உட்புறமாகச் சாயும். சுமை முழங்காலுக்குப் போகும். எலும்பின் அமைப்பை எளிதில் மாற்ற முடியாது. பாதத்தின் சிறு தசைகளையும் கெண்டைக்காலையும் ஆண்டுக்கணக்கில் வலுவூட்டி ஓரளவு ஈடுசெய்யலாம். நந்தி தம்பதியினர் செய்தது அதைத்தான்.

உடல் வளைவது என்பதும் பலர் நினைப்பதுபோல் பிறவி வரம் அல்ல. இரு கால்களையும் 180 பாகை விரித்துத் தரையில் அமர்வது, தோள்களைப் பின்னால் முழுமையாகத் திறப்பது போன்றவை நாள்தோறும் சில நிமிடங்கள் வலியோடு நீட்டிப் பிடித்து, விரல் கடை அளவில் முன்னேறிப் பெறுபவை. சில வாரங்கள் விட்டால் உடல் மீண்டும் இறுகிவிடும். நீட்டிய மூட்டைத் தாங்கத் தசைவலு இல்லாவிட்டால் காயம் நிச்சயம். எனவே நெகிழ்வும் வலுவும் கைகோத்து வளர வேண்டும். பள்ளி, கல்லூரி, தேர்வு இவற்றுக்கிடையே ஒரு மாணவி பல ஆண்டுகள் காலையும் மாலையும் இதைச் செய்தார்.

எந்த வசதியில்? அகர்தலாவின் பழைய கூடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் புகும். எலிகளும் கரப்பான்பூச்சிகளும் உண்டு. உந்துபலகைக்குப் பழைய ஸ்கூட்டரின் அதிர்ச்சி தாங்கிச் சுருள்கள். தாண்டும் மேசைக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெத்தைகள். சர்வதேச விதிப்படி பெண்களுக்கான மேசையின் உயரம் 125 செ.மீ. மெத்தை அடுக்கில் அந்த உயரத்தை எட்டலாம். மேசை திருப்பித் தரும் உந்துவிசையை எட்ட முடியாது.

இருந்தாலும் திரிபுரா இந்த விளையாட்டுக்குப் புதிய மண் அல்ல. 1960-களில் ஹரியாணாவிலிருந்து வந்த தலீப் சிங் அங்கு விதைத்த விதை, 1975-ல் மன்டு தேவ்நாத் பெற்ற அர்ஜுனா விருதாக முளைத்தது. நந்தியும் அந்த வழி வந்தவரே. சிறு மாநிலம் தன் முயற்சியில் ஒரு மரபை உருவாக்கிக் கொண்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அகர்தலாவிலிருந்து தில்லிக்கு அகலப் பாதை ரயில் புறப்பட்டதே 2016 ஜூலை 31-ம் தேதிதான். ரியோ இறுதிச் சுற்றுக்குச் சரியாக இரண்டு வாரங்கள் முன்பு.

இரு குட்டிக்கரணம்

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் பங்கேற்ற தீபா பதக்கமின்றித் திரும்பினார். 2011 தேசிய விளையாட்டில் எல்லாப் பிரிவிலும் தங்கம். ஆனால் தேசியத் தங்கத்துக்கும் உலக மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சாதாரணத் தாண்டலால் நிரப்ப முடியாது என்பது ஆசிரியருக்கும் மாணவிக்கும் தெரிந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது 'புரோடுனோவா'. ரஷிய வீராங்கனை யெலினா புரோடுனோவா 1999-ல் செய்து காட்டியது. 25 மீட்டருக்குள் ஓடிவந்து, உந்துபலகையில் எழும்பி, மேசையில் கைகளை ஊன்றி, அந்தரத்தில் முன்னோக்கி இரண்டு குட்டிக்கரணம் அடித்துக் காலூன்ற வேண்டும். இறங்கும் தரை கடைசிக் கணம் வரை கண்ணில் படாது. சுழற்சி சிறிது குறைந்தாலும் கழுத்துக்கு ஆபத்து. 'மரணத் தாண்டல்' என்று உலகம் அழைக்கிறது. அதன் கடினத்துக்கு அக்காலத்தில் தரப்பட்ட மதிப்பு 7.0 புள்ளி.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. அங்கு பதக்கம் பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவரே. 2015 உலகச் சாம்பியன் போட்டியில் ஐந்தாமிடம். 2016 ஏப்ரலில் ஒலிம்பிக் தகுதி. இந்திய ஆண்கள் கடைசியாகப் பங்கேற்றது 1964-ல். பெண்களில் அதுவரை எவரும் இல்லை.

இத்தனையும் நடந்தபோது தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் கோஷ்டிப் பூசலால் மத்திய அரசின் அங்கீகாரத்தை இழந்திருந்தது. ஒலிம்பிக் பதக்கத்தைக் குறிவைக்கும் அரசுத் திட்டம் 2014-லேயே தொடங்கப்பட்ட போதிலும், அதில் தீபாவின் பெயர் சேர்ந்தது தகுதி பெற்ற பின்னர்தான். ரியோவுக்குப் பிசியோதெரபி நிபுணரை உடன் அனுப்பக் கோரியபோது முதலில் ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 7-ம் தேதி தகுதிச் சுற்றில் 14.850 புள்ளிகளுடன் எட்டாவதாக, அதாவது கடைசி இடத்தில், அவர் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அதன் பிறகு நிபுணர் விமானம் ஏறினார். ஓடிமுடித்த குதிரைக்குக் கொள் வைப்பது நம் நிர்வாகத்துக்குப் பழகிப்போன வேலை.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய வாரம் நந்தி மாணவியின் கைப்பேசியிலிருந்து சிம் அட்டையை எடுத்துவிட்டார். ஆகஸ்ட் 9-ம் தேதி வந்த 23-வது பிறந்த நாளில்கூடப் பெற்றோருடன் பேச மட்டுமே அனுமதி. முதல் தாண்டலில் 14.866, புரோடுனோவாவில் 15.266. மிகத் தாழ்ந்து, ஏறக்குறைய அமர்ந்தபடியே தரையிறங்கினார். ஆயினும் நிமிர்ந்து எழுந்தார்.

அதன் பிறகு உடல் தன் கணக்கைக் கேட்டது. 2017-ல் வலது முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலகச் சவால் கோப்பைத் தங்கம். மீண்டும் காயம். 2021 அக்டோபரில் எடுத்த மாதிரியில் தடை செய்யப்பட்ட ஹைஜெனமைன் இருந்ததால் 21 மாதத் தடை. தெரியாமல் உட்கொண்டதாக அவர் கூறினார். தடை 2023 ஜூலை 10-ல் முடிந்தது. உடனே நடந்த ஆசிய விளையாட்டுத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆனால் முந்தைய 12 மாதச் சாதனைகளைக் காட்ட வேண்டும் என்ற விதியால் அணியில் இடம் கிடைக்கவில்லை. போட்டியிடவே தடை விதிக்கப்பட்டிருந்தவரிடம் அந்த மாதங்களின் சாதனையைக் கேட்டது விதி. விதியில் தவறில்லை என்று அதிகாரிகள் வாதிடலாம். விலக்கு அளிக்கவும் அவர்களுக்கு வழி இருந்திருக்க வேண்டும்.

ஏழாம் அட்டவணை

விளையாட்டுத் துறைக்கு நாடாளுமன்றத்தில் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விக்கு அரசியல் சாசனத்தின் விடை சற்று வேடிக்கையானது. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியல், 33-வது இனத்தில், நாடகக் கொட்டகை, திரைப்படம், கேளிக்கை ஆகியவற்றோடு விளையாட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. கூடம் கட்ட வேண்டியது மாநிலம். சம்மேளனத்தை அங்கீகரிப்பதும் வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதி தருவதும் மத்திய அரசு. இரண்டுக்கும் இடையே ஸ்கூட்டர் சுருள்வில்.

சம்மேளனச் சண்டைகளுக்குத் தீர்வு காண்பதாகக் கூறி, தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஜூலை 23-ல் மக்களவையில் தாக்கலானது. ஆகஸ்ட் 11-ம் தேதி அவை அதை நிறைவேற்றியபோது எதிர்க்கட்சியினர் பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்துக்காகத் தேர்தல் ஆணையத்தை நோக்கிப் பேரணி சென்றிருந்தனர். மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அங்கீகாரத்துக்குத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளுக்குத் தீர்ப்பாயம், சம்மேளன நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் என நல்ல அம்சங்கள் உண்டு. வாரியத்தில் மத்திய அரசின் பிடி எவ்வளவு இறுகும் என்ற ஐயமும் உண்டு. மெத்தை அடுக்கைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. அது மாநிலப் பட்டியல்.

2024 மே 26-ம் தேதி தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் 13.566 புள்ளிகளுடன் தீபா வால்ட் தங்கம் வென்றார். சீனியர் பிரிவில் இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. வயது அப்போது 30. இரண்டு மாதங்கள் கழித்து நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் ஒருவர்கூடத் தகுதி பெறவில்லை. அக்டோபர் 7-ம் தேதி, உடல் ஓய்வு கேட்கிறது என்று கூறி தீபா விலகினார்.