உள்ளே நுழையும் தோட்டா எல்லாம் பொருத்தமான தோட்டாவா?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து கோல்ட் ரிவால்வரில் இன்றைய தோட்டாவைப் போட முடியாது. கரிமருந்தையும் ஈயக் குண்டையும் சிலிண்டரில் தனித்தனியாகக் கெட்டித்துதான் சுட வேண்டும். சிலிண்டரை முழுக்கத் துளையிடும் முறைக்கு ஸ்மித் அண்ட் வெஸன் வசம் இருந்த காப்புரிமை 1869-ல் காலாவதியானது. அதன்பின் பழைய ரிவால்வர்களைத் தோட்டா போடும் ரகமாக மாற்றும் வேலை சூடுபிடித்தது.

இப்படி மாற்றப்பட்ட ரிவால்வர்களின் நகல்களை இத்தாலிய நிறுவனங்கள் இப்போதும் தயாரிக்கின்றன. அமெரிக்காவில் கௌபாய் உடையில் நடக்கும் சுடும் போட்டிகளில் இவற்றுக்குத் தனி மவுசு!

சிக்கல் தோட்டாவில்தான். சில நகல்கள் '.38 ஸ்பெஷல்' தோட்டாவை ஏற்கும். அதிலேயே 'பிளஸ் பி' என்ற அதிக அழுத்த ரகமும் உண்டு. அளவு ஒன்றே என்பதால் அதுவும் கச்சிதமாக உள்ளே போய்விடும். ஆனால், பழைய வடிவமைப்பு அந்த அழுத்தத்துக்கானது அல்ல. சட்டம் தளரலாம், சிலிண்டர் வெடித்தால் சுடுபவரின் விரலோ கண்ணோ போகலாம்.

'கௌபாய் லோடு' எனப்படும், ஈயக் குண்டு கொண்ட குறைவேகத் தோட்டாவே இவற்றுக்கு ஏற்றது. பித்தளைச் சட்டம் கொண்ட கரிமருந்து நகல்களில் மாற்று சிலிண்டரைப் பொருத்தவே கூடாது. எதை வாங்கும் முன்பும், தோட்டாப் பெட்டியில் உள்ள விவரத்தைத் துப்பாக்கியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.