பெல்ஃபாஸ்ட் சந்தையில் பழம்பொருளும் பாட்டும்

வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்ஃபாஸ்டில், லாகன் நதிக்குச் சமீபமாக, செங்கல்லும் மணற்கல்லும் கொண்டு எழுப்பப்பெற்று, தலைக்குமேல் இரும்பும் கண்ணாடியும் வேய்ந்த கூரையோடு விளங்கும் செயின்ட் ஜார்ஜ் சந்தைக்குள் வார இறுதியில் எவர் நுழைந்தாலும், மீனின் உப்பு வாசனையும், பழைய புத்தகங்களின் மணமும், ஜனங்களின் பேரப் பேச்சையும் மீறிக்கொண்டு எழுகின்ற பிடிலின் நாதமும் ஒருங்கே வந்து அவரை எதிர்கொள்ளும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மீனும் பழம்பொருளும் பிரசித்தம். சனியன்று உணவும் கைத்தொழிலும். ஞாயிறன்று எல்லாம் கலந்திருக்கும்.

1890 முதல் 1896 வரை மூன்று கட்டங்களாக நிர்மாணிக்கப்பட்ட இக்கட்டிடமே, விக்டோரியா மகாராணியின் காலத்துக் கூரைச் சந்தைகளுள் அந்நகரில் இன்று எஞ்சியிருப்பது. ஆயினும் அதன் வயதைக் காட்டிலும் அது கண்ட துக்கமே என் மனத்தைத் தொட்டது. 1941 ஏப்ரல் 15-ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்து சுமார் 900 பேரைப் பலிகொண்டபோது, இந்தக் கூடமே பிணக் கிடங்காயிற்று. உற்றார் வந்து அடையாளம் காணாத சடலங்களுள், ஜெபமாலையோ வேறு சின்னமோ வைத்திருந்தவை கத்தோலிக்க மயானத்துக்கும், மற்றவை நகர மயானத்துக்கும் எடுத்துச் செல்லப்பட்டன. அப்பேர்ப்பட்ட தளத்தின்மீது இன்று குழந்தைகள் ஓடி விளையாடுவதும், கிழவர்கள் தேநீர் அருந்துவதும், பிற்காலத்தில் பழுதுற்ற கட்டிடத்தை இடித்துவிடாமல் தொண்ணூறுகளின் இறுதியில் செப்பனிட்டு மீண்டும் சந்தையாகவே திறந்துவிட்ட நகர சபையின் நல்ல புத்தியால் நேர்ந்த பாக்கியம் என்றே சொல்வேன்.

புராதனப் பொருளைக் காட்சிச்சாலையில் காண்பது வேறு, சந்தையில் காண்பது வேறு. காட்சிச்சாலையில் கண்ணுக்கு மட்டுமே அனுமதி. இங்கேயோ கைக்கும் உண்டு. பெல்லீக் என்னும் ஊரில் 1857-இல் தொடங்கிய பீங்கான் தொழிற்சாலையின் கிண்ணமொன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்திலே வேட்டைநாயும் வட்டக் கோபுரமும் யாழும் சேர்ந்த முத்திரை கறுப்பு மசியில் தெரியும்; அதன் கீழே அயர்லாந்து என்று நாட்டின் பெயர் தாங்கிய பட்டையும் இருந்தால், அது 1891-லோ அதற்குப் பின்னரோ ஆனது. அயல்நாட்டுச் சரக்கு ஒவ்வொன்றிலும் அது உற்பத்தியான தேசத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் விதித்த சுங்கச் சட்டமே அந்தப் பட்டைக்குக் காரணம். சமுத்திரத்துக்கு அப்பால் இயற்றிய ஒரு சட்டம் ஒரு தேநீர்க் கிண்ணத்தின் அடியில் தன் ரேகையைப் பதித்திருப்பதை விரலால் தடவி அறிகிற மகிழ்ச்சியைக் கண்ணாடிப் பெட்டி எவ்வாறு தரும்?

பழைய இசைத்தட்டுகளின் சங்கதியும் விசேஷமானது. நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கறுப்புத் தட்டுகள், பெரும்பாலும் நம் இந்தியக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த அரக்கைக் கற்பொடியோடு கலந்து வார்த்தவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாடும். ஸ்லைகோ ஜில்லாவில் 1891-இல் பிறந்து, வாலிபத்திலேயே அமெரிக்காவில் குடியேறிய மைக்கேல் கோல்மன் என்ற பிடில் மேதை, நியூயார்க்கில் 1920-களிலும் 30-களிலும் இத்தகைய தட்டுகளில் வாசித்துவைத்த நாட்டிய மெட்டுக்கள் கப்பலேறித் தாய்நாடு திரும்பின. கிராமத்து வாத்தியக்காரர்கள் அவற்றை ஓயாமல் சுழலவிட்டுக் கேட்டு அவருடைய பாணியைக் கைக்கொண்டார்கள். அதனால் ஒரு மகா வித்வானின் கலை தேசமெங்கும் பரவியது. கூடவே, அந்தந்த வட்டாரத்துக்கென்று இருந்த வாசிப்பு முறைகள் சில மங்கியும் போயின. இந்த நஷ்டத்தை நான் அற்பமாக எண்ணவில்லை.

ஆகையினால்தான், சந்தையின் நடுவே, உணவுக் கடைகளை ஒட்டிய மேஜைகளுக்கு அருகில் உள்ளூர்க் கலைஞர்கள் அமர்ந்து நேரில் வாசிப்பதை இவ்வளவு பெரிதாகக் கருதுகிறேன். ஒருவர் பிடிலும் மற்றொருவர் தகரக் குழலும் எடுக்க, மூன்றாமவர், நம் கஞ்சிராவைப் பெரிதாக்கினாற்போல் ஆட்டுத்தோல் போர்த்திய வட்டப் பறையைக் குட்டைக் கோலால் முழக்குகிறார். அயர்லாந்தின் பழைய மெட்டுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்கியோன் பெயர் தெரியாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி, அங்கங்கே ஒரு கமகம் கூடியும் குறைந்தும் அவை வாழ்ந்து வருகின்றன. தட்டுக்கு இருந்த மூன்று நிமிஷ நிர்ப்பந்தம் இவர்களுக்கு இல்லை. குழந்தை ஒன்று எழுந்து ஆடத் தொடங்கினால் காலப்பிரமாணத்தைச் சிறிது தளர்த்துகிறார்கள். பக்கத்துக் கடையில் லினன் மேஜைவிரிப்புக்குப் பேரம் நீண்டுகொண்டே போனால், அதே மெட்டை இன்னும் இருமுறை சுற்றி வாசிக்கிறார்கள்.