உப்பு நீர் காட்டும் கள்ள வழி

கோவையில் 1888-ல் முதல் நூல் ஆலை எழுந்தது முதல், கொங்கு நாட்டில் எவருக்கேனும் மூச்சிரைத்தால் பஞ்சுத் தூசியின் மேல் பழி போடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் படுத்தால் சுகமும், எழுந்து உட்கார்ந்தால் இரைப்பும் காணும் நோயாளியை என்னென்பது? ஆஸ்துமாக்காரர் உட்கார்ந்தால் தேறுவார், இவரோ நேர்மாறு. நகமும் உதடும் நீலம் பாய்ந்திருக்கும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வடியும். தகப்பனாருக்கும் அப்படியே என்பார்.

நுரையீரலில் மயிரினும் நுண்ணிய குழாய்களில் ஊர்ந்தே ரத்தம் பிராண வாயுவைப் பெறுகிறது. சிலருக்கோ தமனியும் சிரையும் அக்குழாய்களைத் தாண்டி நேரே இணைந்துவிடுகின்றன. சுத்தியாகாத ரத்தம் உடலெங்கும் பாய்கிறது. இதனினும் கொடியது, நுரையீரல் வடிகட்ட வேண்டிய ரத்தக்கட்டியும் கிருமியும் மூளைக்கேறிப் பக்கவாதத்தையோ சீழ்க்கட்டியையோ விளைப்பதாகும். 1897-ல் சர்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர் இதனை இறந்தவர் உடலிலேதான் கண்டார்.

நிற்க. இன்று உயிரோடிருப்பவரிடமே இதைக் காணும் முறை மிக எளிது. இரண்டு ஊசிக்குழல்களில் ஒன்பது மில்லி உப்பு நீரையும் ஒரு மில்லி காற்றையும் மாறி மாறித் தள்ளி நுரைக்கச் செய்து, கைச்சிரையில் செலுத்துகிறார்கள். எக்கோ யந்திரத்தின் திரையில் ஹிருதயத்தின் வலப்பக்கம், பஞ்சு பறந்தாற்போல், வெளுக்கிறது. அக்குமிழ்கள் நுரையீரலிலேயே சிக்கிக் கரைய வேண்டியவை, இடப்பக்கம் வரலாகாது. வந்தால் துடிப்பை எண்ணுகிறார்கள். மூன்று துடிப்புக்குள் வந்தால் பெரும்பாலும் ஹிருதயத்தின் நடுச்சுவரில் துவாரம். அதற்குப் பின் வந்தால் நுரையீரலில் கள்ள வழி. 1968-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் கிராமியாக், பிரவீண் ஷா என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியே இம்முறைக்கு அடிப்படை. பிறகு ஸி.டி. படத்தில் இடத்தை நிச்சயித்து, மார்பைத் திறவாமலே, தொடைச்சிரை வழியாக உலோகச் சுருளை அனுப்பி அடைத்துவிடலாம்.

எக்கோ யந்திரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு இதற்கெனப் புது யந்திரம் வேண்டியதில்லை. வேண்டுவது வைத்தியருக்குச் சந்தேகம் தோன்றுவதே. பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ நீலம் பாய்ந்து வருபவரை, “வீட்டில் யாருக்கு மூக்கில் ரத்தம் வருகிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பரம்பரையாக வரும் வகையில் மக்களுள் ஒவ்வொருவருக்கும் நோய் வர இரண்டிலொரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே அவர்களையும் சோதித்தல் அவசியம். நோய் தெரிந்தவர், பல் பிடுங்குமுன் கிருமிநாசினி மருந்து கேட்டுப் பெறவேண்டும். சிரையில் மருந்து ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழ் இல்லாதபடி பார்க்கச் சொல்லவேண்டும்.